ம் கொட்டாமல் கதை கேட்பது எப்படி

முப்பது பேர் தலையில் பெர்னிஸ் தொப்பி மாட்டினாள். இருபத்தொரு தலை வீணாய்ப் போனது.

தொப்பி என்றால் வெயிலுக்குப் போடுகிற தொப்பி இல்லை. அறுபத்து நாலு சின்ன உலோக வில்லைகள் வைத்துத் தைத்த துணித் தொப்பி. முடியை விலக்கிப் பசை தடவி, ஒவ்வொரு வில்லையும் தலைத் தோலைத் தொடும்படி உட்கார வைத்தால், மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தில் கொஞ்சம் வெளியே கசிந்து கணினித் திரையில் அலை அலையாக ஓடும். அதை மாட்டிக்கொண்டு, சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து கதை கேட்க வேண்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது. இவ்வளவுதான் வேலை, இதில் என்ன கஷ்டம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

கதை சொன்னது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் இராஜம்மா அக்கா. அக்காவிடம் வாய் கொடுத்தால் நாள் போவதே தெரியாது. கிள்ளானில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்துக்காக அவருடைய கொழுந்தன் காஜாங்கில் சாத்தே என்கிற சுட்ட இறைச்சி இருநூறு குச்சி வாங்கிக்கொண்டு, எதிர்த்திசையில் போகிற கோமுட்டர் ரயிலில் ஏறித் தூங்கிப்போன கதையை அவர் சொல்ல, பெர்னிஸ் பதிவு செய்து வைத்திருந்தாள். தமிழும் மலாயும் இங்கிலீஷும் ஒரே மூச்சில் வரும். அதுதான் அவளுக்கு வேண்டியது.

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, அடுத்து என்ன வார்த்தை வரப் போகிறது என்பதைக் கேட்கிறவருடைய மூளை முன்கூட்டியே எப்படிப் பிடிக்கிறது? இதுதான் பெர்னிஸின் கேள்வி. கணினியில் ஒரு மாதிரியைச் செய்து வைத்திருந்தாள். அது இராஜம்மா அக்காவின் கதையை வார்த்தை வார்த்தையாகப் படித்து, "அடுத்து இது வரும், இவ்வளவு நிச்சயம்" என்று எண் போடும். அந்த எண்ணும் மூளையின் அலையும் எங்கே ஒத்துப் போகின்றன என்று பார்ப்பது மீதி வேலை. மூன்று மொழியைப் போட்டுக் குழைத்துப் பேசுகிற நம் ஆட்களை வைத்து இதைச் செய்தவர்கள் அவளுக்குத் தெரிந்து யாரும் இல்லை.

அவளுக்கு வயது முப்பத்தாறு. முனைவர் பட்டம் வாங்கி எட்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு ஹாலந்தில் மூன்று வருஷம், ஜப்பானில் மூன்று வருஷம், இப்போது கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம். எல்லாமே போஸ்ட்டாக் வேலை. நாள் குறித்துக் கொடுப்பார்கள், நாள் முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். கிள்ளான் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் "உங்க பொண்ணு இன்னுமா படிக்குது?" என்று அவள் அம்மா மகதலேனாவை யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். "படிச்சு முடிச்சாச்சு. முடிச்சதுக்கு அப்புறம் என்னா இருக்குன்னு இப்ப பாக்குது" என்பார் அம்மா. மகளுக்கே இதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியாது.

அக்டோபர் கடைசியோடு இந்த நாளும் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டலாமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேர் கொண்ட குழு முடிவு செய்யும். முடியாது என்றால் ஹாலந்தில் பழைய ஆய்வகம் அவளை எடுத்துக்கொள்ளும், கேட்டும் வைத்திருந்தார்கள். ஆனால் அவளுக்குப் போக மனசில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை வீட்டில் முதல் தடவையாக ஒரு புத்தக அலமாரி வாங்கி வைத்திருக்கிறாள். சனிக்கிழமையானால் ரயிலேறி அம்மா வீட்டுக்குப் போய் நண்டுக் குழம்பு சாப்பிடுகிறாள். அதைவிட, அவள் கேட்க வேண்டிய பேச்சு இங்கே இருக்கிறது. அந்தப் பேச்சைப் பேசுகிற ஆள் ஹாலந்தில் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

சரி, இருபத்தொரு தலை எப்படி வீணாய்ப் போனது என்று சொல்லவில்லையே. எல்லாரும் ம் கொட்டினார்கள், ஐயா! அதுதான் விஷயம்.

இராஜம்மா அக்கா ஒரு வாக்கியம் சொல்வார். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் "ம்" என்பார். இன்னொரு வாக்கியம், இன்னொரு "ம்", கூடவே ஒரு தலையாட்டல். சுவாரசியமான இடத்தில் "ம்ம்ம்?" என்று இழுவை வேறு. ஒவ்வொரு "ம்"முக்கும் தாடைச் சதை இறுகும், தொப்பி நகரும், திரையில் மூளையின் அலை இருந்த இடத்தில் கறுப்பாய் ஒரு புதர் முளைக்கும். நாலு விநாடிக்கு ஒரு புதர். "ம் மட்டும் சொல்லாதீங்க" என்று உள்ளே போய்க் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வருவாள். "சரிம்மா, சரிம்மா" என்பார்கள். கதவைச் சாத்திய அடுத்த நிமிடமே "ம்."

ஹாலந்தில் நாற்பது பேரை வைத்து இதே சோதனையைச் செய்திருக்கிறாள். அவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்காது. அங்கே எழுதிய விதிமுறையை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினாள் பாருங்கள், தப்பு அங்கேதான். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள், வீட்டில் அம்மா பேசும்போது ம் கொட்ட மறந்தால் "நான் யார்கிட்ட பேசறேன், செவுத்துகிட்டயா?" என்று திட்டு வாங்கியவள், இதை யோசிக்க வேண்டாமா?

பேராசிரியர் லிம் நல்ல மனுஷன். அவர்தான் ஆய்வகத்துக்குத் தலைவர். பதிவுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெட்டதைத் தூக்கிப் போடு, பெர்னிஸ். ஒன்பது பேர் சுத்தமாக இருக்கிறார்கள். ஒன்பதை வைத்து அடக்கமாக ஒரு கதை சொல். குழு நீட்டித்துவிடும்" என்றார் இங்கிலீஷில். அவளும் தலையாட்டினாள். மற்ற இருபத்தொரு பேருக்கும் முறைப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். இங்கிலீஷ் படிவத்தைப் பார்த்து அவளே தமிழில் எழுதியது. "உங்கள் மூளைப் பதிவு தரக்குறைவாக உள்ளதால் ஆய்வில் சேர்க்க இயலவில்லை. பங்கேற்புக்கு நன்றி."

இது திங்கள்கிழமை நடந்தது. செவ்வாய் காலை பத்து மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"டாக்டர், நான் பண்டமாரான் இராமலிங்கம் பேசறேன். கண்டெய்னர் லோரி ஓட்டற இராமலிங்கம்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. பதினேழாம் எண். ஐம்பத்திரண்டு வயது, வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்தவர். "சொல்லுங்கண்ணே."

"ஒன்னுமில்ல... இந்த மெசேஜ். மூளை தரக்குறைவுன்னு வந்திருக்கு. எந்த ஸ்பெஷலிஸ்ட்டப் போய்ப் பாக்கணும்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்கும். வீட்டுல இன்னும் சொல்லல. அடுத்த மாசம் லைசென்ஸ் ரினியூ பண்ணணும், அதான் ஒரே பயமா இருக்கு."

பெர்னிஸுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "ஐயோ அண்ணே, அப்படி இல்ல! உங்க மூளைக்கு ஒரு குறையும் இல்ல. பதிவுதான் சரியா வரல. நீங்க நடுவுல ம், ம்னு சொன்னீங்கல்ல, அதுல மெஷின் கொளம்பிப் போச்சு."

"ம் சொல்லாம எப்படி டாக்டர் கதை கேக்கறது? அந்த அக்கா பாவம், அவ்ளோ ரசிச்சு சொல்லுது. நாம கல்லு மாதிரி ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"அது ரெக்கார்டிங் அண்ணே."

"இருக்கட்டுமே லா." பிறகு குரல் இறங்கி வந்தது. "நெசமாத்தான் சொல்றீங்களா? இல்ல மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்களா? நான் ஃபோர்ம் த்ரீ வரைக்கும்தான் படிச்சவன். ஆனா வெளிப்படையா சொன்னா தாங்கிக்குவேன்."

ஒரு மனுஷனை இப்படிக் கேட்க வைத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, உங்க பதிவ நானே உக்காந்து முழுசா பாக்கறேன். பாத்துட்டு என்ன இருக்கோ அப்படியே சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த வாக்குக்காகத்தான் பதினேழாம் எண்ணைத் திறந்தாள், வேறெதற்கும் இல்லை. உள்ளறையில் இருந்த ஒலிவாங்கி அவர் ம் கொட்டியதையெல்லாம் பதிந்து வைத்திருந்தது. ஒரு காதில் இராஜம்மா அக்கா, இன்னொரு காதில் இராமலிங்கம் அண்ணன். இரண்டையும் சேர்த்துக் கேட்டாள். ஐந்து நிமிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்வது போலவே இருந்தது.

அப்புறம் சிரிப்பு நின்றது.

அக்கா சொல்கிறார்: "கண்ண முழிச்சுப் பாத்தா, சிரம்பான் வந்திருச்சு." அண்ணனுடைய "ம்" அக்கா முடித்த பிறகு வரவில்லை. "சிரம்பான்" என்றதுமே வந்துவிட்டது. "வந்திருச்சு" என்பதை அவர் காத்திருந்து கேட்கவே இல்லை. அடுத்த வாக்கியம்: "கையில இருந்த சாத்தே எல்லாம் ஆறிப்போயி" என்று அக்கா மூச்சு வாங்குவதற்குள் "ம்." ஒலியும் கடிகாரமும் பொருந்தவில்லையோ என்று சந்தேகப்பட்டு, இணைப்புகளை முதலிலிருந்து சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மனுஷன் முந்திக்கொண்டுதான் ம் கொட்டியிருக்கிறார்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கதை எதிர்பாராமல் திரும்புகிற இடத்தில், சிரம்பான் ஸ்டேஷன் மாஸ்டரே அந்த நிச்சயதார்த்தத்துக்கு அழைக்கப்பட்டவர் என்று தெரிகிற இடத்தில், அண்ணனிடமிருந்து சத்தமே இல்லை. வாக்கியம் முடிந்து ஒரு விநாடி கழித்துத்தான் "ம்ம்?" வருகிறது. பெர்னிஸ் தன் கணினி மாதிரி போட்டு வைத்திருந்த எண்களைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். மாதிரி "எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்று சொன்ன இடங்களில் ம் முந்தியிருந்தது. "தெரியவில்லை" என்று சொன்ன இடங்களில் பிந்தியிருந்தது.

"அடக் கடவுளே" என்று வாய்விட்டே சொன்னாள்.

குப்பை என்று அவள் வாரிக் கொட்டியது எதை? கேட்கிறவர் எந்தக் கணத்தில் வாக்கியத்தின் முடிவைப் பிடித்தார் என்று அவரே வாய் திறந்து மணி அடித்துச் சொல்லியிருக்கிறார். எட்டு வருஷமாக அவள் அலைகளுக்குள் துழாவித் தேடிய கணம் அது. "ம்" வரும்போது சதை இறுகி அலை கெடுகிறது, உண்மை. ஆனால் அதற்கு முந்தைய அரை விநாடி சுத்தமாக இருக்கிறதே! பிடிக்கிற வேலை அங்கேதானே நடக்கிறது!

புதன்கிழமை மாலைக்குள் இருபத்தொரு பேரையும் பார்த்துவிட்டாள். ஒருவர் நிறைய ம் கொட்டினார், ஒருவர் கொஞ்சம். ஆனால் போக்கு ஒன்றுதான். பிறகு அந்தச் சுத்தமான ஒன்பது பேரையும் நிதானமாகப் பார்த்தாள். அதிலும் ஆகச் சுத்தமான பதிவு டேரன் என்ற மாணவனுடையது. கோடு போட்டது போல அவ்வளவு அழகான அலை. பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து பையன் நன்றாகத் தூங்கியிருக்கிறான். இன்னொருத்தியும் அப்படியே. ஒன்பதை வைத்து அடக்கமாகக் கதை சொல்லியிருந்தால் அதில் இரண்டு குறட்டை.

வியாழக்கிழமை லிம்மிடம் காட்டினாள். அவர் மூன்று தடவை கேட்டார், நான்காம் தடவை தானே ம் கொட்டிப் பார்த்தார். "ரொம்ப அழகு" என்றார். உடனே முகம் மாறியது. "ஆனால் நாளைக்கு இதைக் காட்டாதே. நீ எழுதிக் கொடுத்த திட்டத்தில் கேட்பவர்கள் மௌனமாக இருப்பார்கள் என்று இருக்கிறது. திட்டம் தோற்றது என்று நீயே போய்ச் சொல்வாயா? முதலில் நீட்டிப்பை வாங்கு. இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சாயந்தரம் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"காட்டினா வேலை போனாலும் போயிரும்மா."

"காட்டலன்னா?"

"வேலை இருக்கும். ஆனா தூங்கினவன் மூளைய வச்சுக்கிட்டு, கேட்டவங்க மூளையத் தூக்கிப் போட்டதா இருக்கும்."

"அப்ப என்னா கேள்வி? நீ முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட கேக்கற" என்றார் மகதலேனா. "ஹாலந்துக்கே போனாலும் போ. நான் ரெண்டு நாள் அழுதுட்டு சும்மா இருந்துருவேன்."

வெள்ளிக்கிழமை குழுவில் இருந்தவர்கள் மூன்று பேர். தலைமையில் ஒரு மலாய்க்காரப் பேராசிரியை, கறாரான அம்மாள். பெர்னிஸ் திரையில் போட்ட முதல் படத்திலேயே சொல்லிவிட்டாள்: "என் திட்டம் தோற்றுவிட்டது. முப்பது பேரில் இருபத்தொரு பேர் மௌனமாக இருக்கவில்லை. தோற்றதற்குக் காரணம் அவர்கள் இல்லை, நான்." ஆய்வகத் தலைவர் என்ற முறையில் பின்னால் உட்கார்ந்திருந்த லிம் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

பதினேழாம் எண்ணைப் போட்டுக் காட்டினாள். அக்காவின் குரலுக்கு ஒரு கோடு, ம்முக்கு ஒரு புள்ளி, மாதிரியின் எண்ணுக்கு ஒரு நிறம். தமிழ் தெரியாத மூன்று பேருக்கும் புள்ளி எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே தெரிந்தது.

"தேடாமல் கிடைத்தது இது. பிறகு உட்கார்ந்து பொருத்திப் பார்த்திருக்கிறீர்கள். தற்செயலாக இருக்கலாம் அல்லவா?" என்றார் அந்த அம்மாள்.

"இருக்கலாம். அதனால்தான் புதிதாக முப்பது பேர் வேண்டும். இந்தத் தடவை ம் கொட்டச் சொல்லியே உட்கார வைப்பேன். பாதிக் கதைக்கு மட்டும் வாயைக் கட்டிப் போடுவேன். இரண்டையும் ஒப்பிட்டால் பொய்யா மெய்யா தெரிந்துவிடும். அதற்கு எனக்கு இரண்டு வருஷம் வேண்டும்."

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் அவள் மனசுக்குள் புத்தக அலமாரியை விற்று, அம்மாவிடம் விடைபெற்று, ஹாலந்துக் குளிருக்கு மேலங்கியும் வாங்கிவிட்டாள். கதவு திறந்தது. லிம் வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"இரண்டு வருஷம். புதிய திட்டத்தைத் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்த அம்மாள் கேட்கிறார், மலாய்க்காரர்களும் இப்படித்தான் செய்வார்கள், அவர்களையும் சேர்ப்பாயா என்று."

பெர்னிஸ் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, கைக்குட்டை தேடி, கிடைக்காமல் சட்டைக் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது. வேறெதுவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் பண்டமாரானில் இறங்கினாள். போனில் சொல்கிற விஷயமா இது? இராமலிங்கம் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே அவர் மனைவி மாரியாயி தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். மெசேஜ் விஷயம் அதற்குள் அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. அவர் முகத்திலும் பயம் இருந்தது.

"அண்ணே, சொன்ன மாதிரி முழுசா பாத்துட்டேன். அந்த மெசேஜ் நான் எழுதின தப்பு. முப்பது பேர்ல உங்க பதிவுதான் ஆக நல்லது. அக்கா சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க ம் சொல்லிடறீங்க. சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லல. எங்க முடிவு தெரியுதோ அங்கதான் சொல்றீங்க, தெரியாத எடத்துல நிறுத்திக் காத்திருக்கீங்க. அவ்ளோ கவனமா கேக்கறவங்கதான் அப்படி முந்திக்குவாங்க. நேத்து பெரிய ஆளுங்க மூனு பேருக்கு உங்களத்தான் காட்டினேன். பேர் சொல்ல மாட்டோம், பதினேழாம் நம்பர்னு போட்டிருக்கோம். எனக்கு இங்கயே ரெண்டு வருஷம் வேலை கெடச்சிருச்சு."

இராமலிங்கம் சட்டைப் பொத்தானை ஒரு தடவை கழற்றிப் போட்டுக்கொண்டார்.

பேசியது மாரியாயிதான். தேத்தண்ணிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "டாக்டர், முடிக்கிறதுக்கு முன்னாடியே ம் சொன்னா, அது கேக்கறதுன்னா அர்த்தம்?"

"அந்தக் கதையில இவரு அப்படித்தான் கேட்டிருக்காரு அக்கா."

மாரியாயி புருஷனைப் பார்த்தார். "இருபத்தேழு வருஷம். நான் பாதி சொல்றதுக்குள்ள ம்னுருவாரு. கேக்காமலே தலையாட்டறாரு, என் பேச்சுன்னா இவருக்கு அவ்ளோதான்னு எத்தன தடவ சண்ட புடிச்சிருக்கேன். எத்தன நாளு பேசாம இருந்திருக்கேன்." கிளாஸை அவர் பக்கம் தள்ளிவைத்தார். "ஏன்யா, ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னான்னு சொல்றது?" என்றார் இராமலிங்கம். "நீ என்னா சொல்ல வரன்னுதான் எனக்குத் தெரியுமே."

"அப்ப இப்ப என்னா சொல்ல வரேன், சொல்லுங்க பாப்போம்."

இராமலிங்கம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பெர்னிஸ் பக்கம் திரும்பினார்.

"சோறு ஆயிருச்சாம். சாப்பிட்டுட்டுத்தான் போகணுமாம்."

மாரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். சமையலறைக்குப் போய் மூன்று தட்டு எடுத்து வந்தார். பெர்னிஸ் அம்மாவுக்குப் போன் போட்டு, நண்டுக் குழம்பு ராத்திரிக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.